சாம்பிள் கேட்டவர்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் பளு தூக்குவதைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்கள் முதலில் 1978-க்குத்தான் போவார்கள். அந்த ஆண்டு கனடாவில், எட்மண்டன் காமன்வெல்த் போட்டியில், ஏகாம்பரம் கருணாகரன் 52 கிலோ பிரிவில் தங்கமும் தமிழ்ச்செல்வன் 56 கிலோ பிரிவில் வெள்ளியும் வாங்கினார்கள். ஆம்பூர்ப் பக்கம் துத்திப்பட்டிலிருந்து வந்து, சத்துவாச்சாரி அத்தை வீட்டில் தங்கி நான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தது 1998-ல். அதற்குள் அந்தக் கதைக்கு இருபது வயது. இருந்தாலும் எங்கள் மாஸ்டர் புதுப் பையன் ஒருவன் கூடத்துக்குள் காலெடுத்து வைத்தால் கருணாகரனில் தொடங்கித்தான் கம்பியைத் தொட விடுவார்.

கூடம் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தரையில் பலகை, சுவரோரம் தட்டுகள். பெண்களுக்கான கம்பி 15 கிலோ எடை, 25 மில்லிமீட்டர் தடிமன். எங்களிடம் அது கிடையாது. ஆண்களின் கம்பிதான், 20 கிலோ, 28 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். கட்டை விரலைக் கம்பியோடு ஒட்டி வைத்து, அதன்மேல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிப் பூட்ட வேண்டும். 'ஹூக்' என்போம். பதினான்கு வயதுப் பெண்ணின் நடுவிரல் 28 மில்லிமீட்டர் கம்பியைச் சுற்றிவந்து கட்டை விரல் நகத்தின் பாதியோடு நின்றுவிடும். அந்தப் பாதி நகத்தில்தான் மொத்த எடையும் தொங்கும். வலது கட்டை விரல் நகம் கறுத்து விழுந்து முளைப்பது எங்களுக்கெல்லாம் வழக்கம். மக்னீசியப் பொடி விலை அதிகம் என்பதால் ஒரு கட்டியை உடைத்து ஆளுக்குக் கொஞ்சம் காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்வோம்.

பெண்கள் தூக்கினால் எங்கே போய்ச் சேருவார்கள் என்பது அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் பளு தூக்குதலே 2000-ல்தான் வந்தது. காமன்வெல்த்தில் 2002-ல், மான்செஸ்டரில். 2000 செப்டம்பர் 19 அன்று சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் ஸ்னாட்ச்சில் 110, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130, மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். ஸ்ரீகாகுளத்துக்காரர். அதுவரை என் படிப்பு கெட்டுப்போகும் என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தை, பேப்பரில் வந்த படத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டினாள்.

கல்லூரிகளும் அப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பின. பளு தூக்கும் பெண்கள் குறைவு. பல்கலைக்கழகப் போட்டியில் ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் புள்ளி உண்டு. ஒரு கல்லூரியில் நாலு பெண்கள் இருந்தால் மொத்தக் கோப்பைக்கே போட்டி போடலாம். அந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட பிசிகல் டைரக்டர்கள் பள்ளி மாநிலப் போட்டிகளுக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார ஆரம்பித்தார்கள். நான் பிளஸ் டூ படித்த ஆண்டு 58 கிலோ பிரிவில் பதக்கம் வாங்கி இறங்கியதும் சென்னைக் கல்லூரி ஒன்றின் பி.டி. சார் கூப்பிட்டார்.

"பேரு என்னம்மா? எந்த ஸ்கூலு? பிளஸ் டூவா? நல்லாத் தூக்கறே. ரிசல்ட் வந்ததும் காலேஜுக்கு வந்துடு. சீட்டு, ஹாஸ்டல், மெஸ் எல்லாம் பாத்துக்கலாம்."

அவர் நல்ல மனிதர். என் தோள் கொஞ்சம் முன்னால் விழுகிறது என்று சொல்லி, நின்று திருத்திக் காட்டிவிட்டுத்தான் போனார். என் பெயர், பள்ளி, அத்தை வீட்டுக்கு எதிரிலிருந்த மளிகைக் கடையின் பி.பி. நம்பர் எல்லாம் அவர் நோட்டில் ஏறியது. அவர் கல்லூரியின் பெயர் எங்கள் வீட்டில் ஏறியது. அந்த ஜனவரியிலிருந்து அப்பா யாரிடம் பேசினாலும் நான் சென்னையில் படிக்கப் போகிறவள்.

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் துத்திப்பட்டில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமில் இருந்தாள். வெளிநாட்டு பையர் வருவார், டிசைன் காட்டுவார். அதைப் பார்த்து ஒரே ஒரு அளவில், பெண்கள் ஷூ என்றால் பெரும்பாலும் 37, மாதிரி தைத்துத் தர வேண்டும். தோலை இவர்களே தேடிப் பிடித்து, அப்பர் தைத்து, லாஸ்ட்டில் ஏற்றி, சோல் ஒட்டி மேசைமேல் வைப்பார்கள். பையர் எடுத்துப் பார்ப்பார், வளைப்பார், முகர்ந்துகூடப் பார்ப்பார், தையலைப் பாராட்டுவார், படம் எடுத்துக்கொள்வார். பிறகு சீசன் போய்விடும். சில சமயம் ஆயிரக்கணக்கில் ஆர்டர் வரும், சில சமயம் ஒரு வரிகூட வராது. பாராட்டு பொய் என்று கம்பெனியில் யாரும் நினைப்பதில்லை. ஆனால் ஆர்டர் கையில் வராமல் கட்டிங் மேசைக்கு ஒரு சதுர அடித் தோல் போகாது. பரீட்சை முடிந்து நான் ஊருக்குப் போயிருந்தபோது, சென்னைக்குத் துணி தைக்கக் கொடுக்கலாமா என்று அப்பா கேட்டதற்கு அம்மா சொன்னாள்:

"சாம்பிள் கேட்டுகினு போயிருக்காங்க, அவ்ளோதான். ஆர்டர் வர்றதுக்கு முன்னாடி யாராச்சும் தோலு வெட்டுவாங்களா? நீ வேலூர்லயும் ரெண்டு காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டு வையிடி."

ஆக்சிலியத்துக்கும் டி.கே.எம்.முக்கும் விண்ணப்பம் வாங்கினோம். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. சென்னையில் தெரிந்தால் நமக்கு அவர்கள்மேல் நம்பிக்கையில்லை என்று நினைத்துவிட மாட்டார்களா என்பது அவர் கவலை. விளையாட்டுப் பிள்ளைகளின் வீடுகளில் இந்தப் பயத்தை நான் இப்போதும் பார்க்கிறேன். இன்னொரு கல்லூரியில் விண்ணப்பம் போடுவது துரோகம் என்று நினைக்கிறார்கள். கல்லூரி அதே பிரிவில் பல பெண்களின் பெயரை எழுதி வைத்திருப்பதை யாரும் துரோகம் என்று சொல்வதில்லை.

மே மாதம் சென்னையில் ட்ரையல்ஸ். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் வேலை. ஒரு நாள் போகவில்லை என்றால் அந்த நாள் கூலி போச்சு. காட்பாடியில் ரயிலேறிப் போனோம். நன்றாகத்தான் தூக்கினேன். முடிந்ததும் ஆபீஸில் ஒருவர், "டி.சி., மார்க்‌ஷீட்டு ஒரிஜினல வச்சுட்டுப் போங்க, லிஸ்ட் போட்டதும் சொல்லி அனுப்பறோம்" என்றார். டி.சி. ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் வேறெங்கும் சேர முடியாது. அப்பா கொஞ்ச நேரம் பையைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு, "ஜெராக்ஸு குடுக்கறேங்க சார். லிஸ்டுல பேரு வந்ததும் ஒரிஜினலக் கொணாந்து தர்றேன்" என்றார். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத மனிதர். அந்த ஒரு வாக்கியம் எனக்கு ஒரு வருஷத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது.

லிஸ்ட் வரவில்லை. மளிகைக் கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தானாகவே தலையை ஆட்டிவிடுவார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டால் பி.டி. சார் கிரவுண்டில் இருப்பார், அல்லது செக்ரட்டரி ஊரில் இல்லை, அல்லது அடுத்த வாரம். ஜூன் பாதியில் வேலூரிலேயே ஒரு கல்லூரியில் மெரிட்டில் இடம் கிடைத்தது, பீஸ் கட்டிச் சேர்ந்தேன். தேசியப் பதக்கம் உள்ள ஒரு பெண்ணுக்குச் சென்னையில் அந்த இடம் போனதாகப் பிறகு தெரியவந்தது. அவள் என்னைவிட அதிகம் தூக்குகிறவள். அதில் எனக்கு ஒரு குறையுமில்லை. உனக்கு இல்லையம்மா என்று ஒரு அஞ்சலட்டை போட அப்போது ஐம்பது காசு போதும். அது வரவில்லை என்பதுதான் இருபது வருஷம் கழித்தும் ஆறவில்லை.

எனக்காவது படிப்பு நடந்தது. என்னோடு அதே கூடத்தில் விரிஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து தூக்கிய பெண் ஒருத்தி இருந்தாள். 48 கிலோ. எங்களில் அவளுக்குத்தான் ஜெர்க்கில் காலைப் பிரித்து இறங்கும்போது கம்பி ஆடாது. மாஸ்டரே நின்று பார்ப்பார். அதே பி.டி. சார் அவளிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். அவள் வீட்டில் அப்பா இல்லை, பின்னால் இரண்டு தம்பிகள். மே மாதக் கடைசியில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் அவள் தெருவுக்கு ஆள் எடுக்க வந்தார். திங்கட்கிழமை வா, காலையில் பஸ் ரோட்டாண்ட நிற்கும், பழகும்வரை இவ்வளவு, பழகியதும் இவ்வளவு, பி.எஃப். பிடிப்போம், இ.எஸ்.ஐ. கார்டு தருவோம் என்றார். பேசி முடிக்க அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது. திங்கட்கிழமை பஸ் சொன்ன இடத்தில் நின்றது. அவள் ஏறினாள்.

இந்தத் தோல் பட்டையில், ராணிப்பேட்டையிலிருந்து மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும், பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு அன்றைக்கே பதில் சொல்கிற இடம் ஒன்றுதான்: கம்பெனி. அந்த வேலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். எங்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது. ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு வாசலில் பஸ்ஸும் மாதாமாதம் சம்பளமும் கொடுத்த தொழில் அது. ஆனால் 48 கிலோவில் அப்படித் தூக்கியவள் ஸ்கைவிங் மிஷினில் தோலின் ஓரத்தைச் சீவப் போனது அவள் அதைத் தேர்ந்தெடுத்ததால் அல்ல. ஒரு பக்கம் கிழமையும் நேரமும் சொன்னார்கள், மறுபக்கம் 'பாத்துக்கலாம்' என்றார்கள். சென்னை லிஸ்ட்டில் கடைசியில் அவள் பெயர் இருந்ததா என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

நான் இப்போது இதே பட்டையில் ஒரு கல்லூரியில் பிசிகல் டைரக்டர். நோட்டுப் புத்தகத்தோடு முன்வரிசையில் உட்காருகிறவள் நான்தான். அந்தப் பி.டி. சாரின் நிலைமை இப்போது எனக்கு உள்ளங்கை போலத் தெரிகிறது. மாநிலப் போட்டிகள் டிசம்பர், ஜனவரியில் நடக்கும். நல்ல பிள்ளைகளைக் கண்ணால் பார்ப்பது அப்போதுதான். ஆனால் இந்த ஆண்டு விளையாட்டுக்கு எத்தனை இலவச இடம் என்று நிர்வாகம் முடிவு செய்வது ரிசல்ட் வந்து, பீஸ் கட்டும் இடங்கள் நிரம்புவதைப் பார்த்த பிறகு. ஜனவரியில் என் கையில் ஒரு இடமும் இருக்காது. கூப்பிடாமல் விட்டால் அந்தப் பெண் வேறு கல்லூரிக்குப் போய்விடுவாள். ஆகவே கூப்பிடுகிறோம். ஒரு இடத்துக்கு மூன்று நாலு பேரைக் கூப்பிடுகிறோம், ஏனென்றால் அவர்களிலும் யார் வருவார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. கபடிக்கு இரண்டு கூட்டி பளு தூக்குதலுக்கு ஒன்று குறைக்கச் சொல்லி ஜூனில் ஒரு உத்தரவு வரும். அந்த ஒன்றுக்குரிய பெண்ணிடம் போய்ச் சொல்ல யாருக்கும் மனசு வராது. சொல்லாமலே விட்டால் தானாகப் புரிந்துகொள்வாள் என்று விட்டுவிடுகிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்த மௌனத்தின் செலவு முழுவதும் பதினேழு வயதுப் பிள்ளையின் கணக்கில் விழுகிறது.

இந்த இருபத்து சொச்சம் ஆண்டுகளில் மாறியவை ஏராளம். 2005 வரை எடையை இரண்டரைக் கிலோவாகத்தான் ஏற்ற முடியும், இப்போது ஒரு கிலோ கூட்டலாம். 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது. அதுவரை எங்கள் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்ததால், பல்கலைக்கழக அணியில் இடம் பிடிக்கச் சென்னைக் கல்லூரிகளின் பெரிய பட்டாளத்தைத் தாண்ட வேண்டும். இப்போது திருவள்ளுவர் பல்கலைக்கழக அணிக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளே போதும். அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்கு அணியில் போய்வந்தால் அந்தச் சான்றிதழுக்கு மத்திய அரசு வேலைகளின் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மதிப்பு உண்டு. அதை உள்ளூர்க் கல்லூரியில் படித்தே வாங்க முடியும் என்பது எங்கள் காலத்தில் கற்பனைக்கு வராதது. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போயின. ஒரு மாவட்ட அணி போன இடத்துக்கு மூன்று அணிகள் போகின்றன. கேலோ இந்தியாவில் தேர்வானவர்களுக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் கைச்செலவுக்கே வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேல் சதீஷ் சிவலிங்கம். எங்கள் சத்துவாச்சாரிப் பிள்ளை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் 149-ம் 179-ம் தூக்கி, மொத்தம் 328 கிலோவில் தங்கம். 2018 கோல்ட் கோஸ்ட்டில் 144, 173, மொத்தம் 317, மறுபடியும் தங்கம். அப்பா முன்னாள் ராணுவ வீரர், அவரும் பளு தூக்கியவர். சதீஷுக்குத் தெற்கு ரயில்வேயில் வேலை. இங்கே பெற்றோர் மனதில் நிற்பது தங்கத்தைவிட அந்த ரயில்வே வேலைதான். பதக்கத்துக்குப் பின்னால் ஒரு சம்பளம் இருக்கிறது என்று தெரு முழுக்கக் கண்ணால் பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு பெண் பிள்ளையைக் கூடத்துக்கு அனுப்ப அத்தைகள் பேப்பர் படத்துக்காகக் காத்திருப்பதில்லை.

கல்லூரிகள் கூப்பிடும் விதமும் மாறிவிட்டது. மளிகைக் கடை போன் போய் வாட்ஸ்அப் வந்தது. 2025-ல் பிளஸ் டூ முடித்த ஒரு பெண், வாணியம்பாடிப் பக்கம், அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். மாநிலப் போட்டி முடிந்த அன்று இரவே அவள் போனில் வாழ்த்துச் செய்திகள். சைடு ஆங்கிளில் ஒரு வீடியோ அனுப்பு, பாடி வெயிட் எவ்வளவு, அப்பா நம்பர் கொடு. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆள் அவள் படத்தைத் தன் ஸ்டேட்டஸில் வைத்து, கீழே பல்கலைக்கழக முத்திரையையும் போட்டுவிட்டார். உறவு முழுக்க அதைப் பார்த்துவிட்டு இடம் கிடைத்துவிட்டதாக வீட்டுக்கு வந்து இனிப்பு சாப்பிட்டுப் போனது. மார்ச்சில் அவள் அனுப்பிய செய்திக்குப் புளூ டிக் விழுந்தது, பதில் விழவில்லை. அதே ஆண்டு ஜூன் 1-லிருந்து உலகம் முழுக்க எடைப் பிரிவுகள் மாறப்போவதாகத் தெரிந்ததும் இன்னொரு கல்லூரி, "59 இனிமே கிடையாது, 58-க்கு இறங்குவியா?" என்று கேட்டது. இறங்குகிறேன் என்று எழுதி, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். அதற்கும் பதில் இல்லை. பரீட்சை எழுதும் பெண், இடம் தருவதாகச் சொல்லாத ஒருவருக்காகப் பட்டினி கிடந்தாள். அவள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

எங்கள் நாளில் மௌனம் மட்டும் இருந்தது. காதில் விழாத ஒன்றுக்காகக் காத்திருந்தோம், ஒரு கட்டத்தில் விட்டுவிட முடிந்தது. இப்போதைய பிள்ளைக்குப் பையிலேயே அந்த ஆள் இருக்கிறார். எப்போது ஆன்லைனுக்கு வந்தார் என்றுகூடத் தெரிகிறது. ஒரு கட்டை விரல் படம் வந்தால் நாலு நாளுக்கு நம்பிக்கை. இரவு பன்னிரண்டு மணிக்குப் போனை எடுத்துப் பார்க்கிற பிள்ளை காலையில் ஸ்னாட்ச் தூக்க முடியாது. தூக்கம் கெட்டால் முதலில் போவது அந்த வேகம்தான்.

உலகத்தில் வேறெங்கும் இது ஒழுங்காக நடக்கிறதா என்று தேடிப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு பெரும் பண விவகாரம். அங்கேயும் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. ஆனால் காலண்டர் இருக்கிறது. பல விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன் கல்லூரிப் பயிற்சியாளர் மாணவருக்குச் செய்தி அனுப்பவே கூடாது. 1964-லிருந்து, சேருகிற மாணவரும் கல்லூரியும் கையெழுத்துப் போடும் ஒரு கடிதம் இருந்தது. 2024-ல் அதை எடுத்துவிட்டு, உதவித்தொகை ஒப்பந்தத்திலேயே கையெழுத்து என்று மாற்றினார்கள். கையெழுத்து விழும்வரை யாரும் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை என்பது அங்கே பிள்ளைக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். நமக்கு அவர்கள் பணம் வேண்டாம், ஸ்டேடியம் வேண்டாம். அந்தத் தேதியும் தாளும் போதும்.

அதுவரை, என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது அம்மா சொன்னதுதான். விண்ணப்பத்தை எல்லா இடத்திலும் போடு. அரசு கலைக் கல்லூரிகளில் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு நடக்கும், விளையாட்டு வீரர்கள் அதில் வருவார்கள். அந்த ஒரு நாளைத் தவறவிட்டு வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. ஒரிஜினலைக் கொடுக்காதே. 2018-லேயே பல்கலைக்கழக மானியக் குழு, சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும், கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டது. எங்கள் அப்பா எந்தச் சட்டமும் தெரியாமல் செய்ததைச் செய்ய இப்போது சட்டமே துணைக்கு இருக்கிறது.

கேள்வி கேட்கவும் சொல்லித் தருகிறேன். கேட்கிற பிள்ளை திமிர் பிடித்தவள் என்று எந்தப் பி.டி.யும் நினைக்க மாட்டார். நினைத்தால் அவரிடம் மூன்று வருஷம் இருப்பது கஷ்டம். சார், இதை முடிவு செய்வது நீங்களா, நிர்வாகமா? எந்தத் தேதிக்குள் தெரியும்? இலவசம் என்றால் டியூஷன் பீஸ் மட்டுமா, ஹாஸ்டலும் மெஸ்ஸும் பரீட்சைக் கட்டணமும் சேர்த்தா? இவற்றைப் பாதிப் பேர் கேட்டுவிடுகிறார்கள். ஒருவரும் கேட்காதது ஒன்று இருக்கிறது: இரண்டாம் வருஷம் முட்டி போய்விட்டால்? பல இடங்களில் சலுகை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பதுதான். தூக்கினால் தொடரும். மணிக்கட்டோ முட்டியோ முதுகோ போய், ஆறு மாதம் கம்பியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னால், மூன்றாம் வருஷ பீஸ் கட்டச் சொல்லி வீட்டுக்கு நோட்டீஸ் வரும். டிகிரி கையில் வராமல், முட்டியும் சரியாகாமல் ஊருக்குத் திரும்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆகவே அந்தக் கேள்வியை அப்பா அம்மா முன்னால் கேள், பதிலைத் தாளில் வாங்கு என்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதித் தந்தாலும் சரி, எழுத்தாக இருக்கட்டும்.

எங்கள் கல்லூரியில் நான் நிர்வாகத்திடம் போராடி வாங்கியது சின்ன விஷயம்தான். இலவச இடங்களின் எண்ணிக்கையை மே மாதத்துக்குள் சொல்லிவிட வேண்டும். ட்ரையல்ஸுக்கு வந்த அத்தனை பேருக்கும், உண்டு என்றாலும் இல்லை என்றாலும், கல்லூரித் தாளில் பதில் போக வேண்டும். எண்ணிக்கையை முதலிலேயே சொன்னால் கை கட்டப்பட்டுவிடும் என்றார்கள். இல்லை என்று எழுதினால் நாளைக்கு அந்தப் பெண் பெரிய ஆளாகிவிட்டால் நமக்குத்தானே அசிங்கம் என்றும் ஒருவர் சொன்னார். பெரிய ஆளாகட்டும் என்றுதானே சார் எழுதுகிறோம் என்றேன்.

வாணியம்பாடிப் பெண்ணும் எங்கள் ட்ரையல்ஸுக்கு வந்திருந்தாள். பளு தூக்குதலில் பெண்களுக்கு எங்களிடம் இருந்த கடைசி இடம், தேசியப் போட்டியில் தூக்கிய இன்னொருத்திக்குப் போனது. மே மாதம் முடிவதற்குள் இவளுக்கு இல்லை என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு, என்ன காரணம், எந்த எடையில் அவள் நிற்கிறாள், அரசு கல்லூரிச் சிறப்புக் கலந்தாய்வு எப்போது என்பதையும் சேர்த்து அனுப்பினேன். கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அப்பா மறுநாள் ஆட்டோவிலேயே கல்லூரிக்கு வந்துவிட்டார். சண்டை போட வந்திருக்கிறார் என்று வாட்ச்மேன் நிறுத்தப் பார்த்தார்.

"இல்லன்னு எழுதிக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான் மேடம். மத்தவங்கெல்லாம் இன்னும் வாழ்த்து சொல்லிகினுதான் இருக்காங்க. அந்தக் கவுன்சிலிங்குக்கு இன்னா இன்னா பேப்பரு எடுத்துகினு போவணும்?"

உட்கார வைத்து எழுதிக் கொடுத்தேன். ஜூன் தொடக்கத்தில் அரசு கல்லூரியில் அவளுக்கு வணிகவியல் கிடைத்தது. அந்த வருஷம் ஏப்ரலில் தொடங்கிய அமெரிக்க வரிப் பேச்சு ஆகஸ்ட் கடைசியில் 50 சதவீதத்தில் வந்து நின்றபோது, அவள் அம்மாவின் கம்பெனியில் ஓவர்டைம் நின்றுபோனது. ஹாஸ்டல் பீஸ் பாதியாவது கட்டுங்கள் என்று அப்போது கேட்டிருந்தால் அந்த வீடு தாங்கியிருக்காது. ஸ்டேட்டஸில் படம் வைத்தவரிடமிருந்து அந்த மாதம்தான் ஒரு செய்தி வந்தது, இன்னும் விருப்பம் இருக்கிறதா என்று. சேர்ந்துவிட்டேன் சார், நன்றி என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அவள் அரசு கல்லூரிக்காக இறங்கினாள். நாங்கள் இடம் கொடுத்த பெண்ணும் அதே 58 கிலோ. கடைசி ஜெர்க்கில் எங்கள் பெண்ணைவிட நாலு கிலோ அதிகம் வைத்துத் தூக்கினாள். நடுவர்கள் மூவரும் வெள்ளை விளக்குப் போட்டார்கள். எங்கள் செக்ரட்டரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து கைதட்டிக்கொண்டிருந்தேன்.